சீனாவில் வேலைக்குப் போகலாமா, ஹார்பின் ஐஸ் விழாவைப் பார்க்க முடியுமா?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கோவையில் உலோகம் வார்க்கும் ஒரு பவுண்டரியில் தர ஆய்வுப் பிரிவில் ஐந்து வருடம் வேலை பார்த்த ஒரு தம்பிக்கு, வடகிழக்குச் சீனாவில் டாலியன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தோடு வேலை வந்திருக்கிறது. போகலாமா, மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா, மனைவியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கூடவே, அங்கிருந்து இன்னும் வடக்கே ஹார்பின் நகரத்தில் குளிர்காலத்தில் நடக்கும் ஐஸ் விழாவுக்கு அறுபது தாண்டிய பெற்றோரைக் கூட்டிப் போக முடியுமா என்றும் கேட்கிறார்.

போகலாம், அழைத்துக்கொள்ளலாம், கூட்டியும் போகலாம். மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா என்பதற்கு மட்டும் என் பதில் வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதில்தான் போய் நிற்கிறது. நான் 2013இலிருந்து 2019 வரை அதே டாலியனில், அங்கே கைஃபாசூ என்று சொல்லும் தொழிற்பேட்டைப் பகுதியில், பம்பு உதிரிபாகம் வார்க்கும் ஒரு ஆலையில் தர ஆய்வில் இருந்தேன். 1984இல் தொடங்கிய பகுதி அது, ஜப்பான் கம்பெனிகள் நிறைய. இப்போதும் வேலை விஷயமாகப் போய் வருகிறேன்.

முதலில் ஒப்பந்தம். உங்களுக்கு வந்த கடிதத்தில் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு அது சட்டப்படி செல்லாது. 2008இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் உள்ள ஒப்பந்தம் என்றால் தகுதிகாண் காலம் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது, மூன்று வருடமோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஆறு மாதம். சண்டை போடாமல், மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பழைய படிவத்தை அப்படியே அனுப்பியிருப்பார்கள், திருத்திக் கொடுத்துவிடுவார்கள். திருத்த மாட்டோம் என்றால் அந்த ஆலையைப் பற்றி அது ஒன்றே போதுமான தகவல். ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால் எது செல்லும் என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் சீன வடிவம்தான் செல்லும் என்று போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நூறு டாலர் செலவானாலும் சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி பார்த்துவிடுங்கள்.

அடுத்து விசா. வேலைக்குப் போகிறவருக்கு இசட் விசா. வேறு எதுவும் கிடையாது. "எம் விசாவில் வந்துவிடுங்கள், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்த இடைத்தரகர் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எம் என்பது வியாபாரப் பயணத்துக்கானது. அதை வைத்துக்கொண்டு ஆலைக்குள் வேலை செய்து பிடிபட்டால் அபராதம், காவல், நாடு கடத்தல் எல்லாம் உங்களுக்குத்தான் வரும். இசட் விசாவுக்கு முன்னால் ஆலை உங்களுக்காக வேலை அனுமதி அறிவிப்பு வாங்க வேண்டும். அதற்குப் பட்டச் சான்றிதழ், அனுபவச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் வேண்டும். சான்றிதழ்களுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, பிறகு சீனத் தூதரகத்தின் முத்திரை என்று வரிசையாக வாங்க வேண்டியிருக்கும், இதற்கே ஒன்றரை இரண்டு மாதம் ஆகிவிடும். போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தங்குமிடத்தைப் பதிய வேண்டும் (ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள்), 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீடு மாறும்போதும் மறுபடி பதிய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெயர் விஷயம் ஒன்று இருக்கிறது, தமிழர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் போயிருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும் நின்றிருக்கும். சீனாவில் வேலை அனுமதி, வங்கிக் கணக்கு, செல்போன் எண், ரயில் டிக்கெட், வரிக் கணக்கு எல்லாமே பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் வைத்து ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டவை. எனக்கு ஒரு வங்கிக் கிளையில் என் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள், வரிக் கணக்கில் நேராக இருந்தது. மூன்று மாதம் ஊருக்கு ஒரு பைசா அனுப்ப முடியவில்லை, அந்த மூன்று மாதம் வீட்டில் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட நகையை அடகு வைத்தார்கள். அதனால் சொல்கிறேன், எந்தப் படிவத்தில் யார் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்தாலும் பக்கத்தில் நின்று, பாஸ்போர்ட்டின் கீழே இரண்டு வரியாக அச்சான எழுத்துகளோடு ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி உட்பட, ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு யுவானுக்கு ஏறக்குறைய 12, 13 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரி 3 சதவீதத்திலிருந்து 45 வரை படிப்படியாக ஏறும், வருடத்துக்கு 60,000 யுவான் கழிவு உண்டு. வெளிநாட்டவருக்கு வீட்டு வாடகை, குழந்தையின் பள்ளிக் கட்டணம், மொழி வகுப்பு, ஊருக்குப் போய்வரும் செலவு இவற்றைத் தனிப் படியாக ஆலை கொடுத்தால் அதற்கு வரி இல்லை, இந்தச் சலுகை 2027 முடியும்வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஃபாபியாவ் என்று சொல்லும் அரசு ரசீது வேண்டும். வீட்டுக்காரர்கள் பலர் அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். வீடு பார்க்கும் முதல் நாளே கேட்டுவிடுங்கள், முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் நடக்காது. ஓய்வூதியத்துக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள். 2011இலிருந்து வெளிநாட்டவரும் அந்தத் திட்டத்துக்குள் வருகிறார்கள். நாட்டை விட்டுக் கிளம்பும்போது விண்ணப்பம் கொடுத்து, உங்கள் கணக்கில் சேர்ந்த அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளலாம். பலர் இதைத் தெரியாமலே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

விடுமுறை குறைவு, அதை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும். மொத்தப் பணி அனுபவம் பத்து வருடத்துக்குள் என்றால் சட்டம் தருவது வருடத்துக்கு 5 நாள் விடுப்பு, பத்திலிருந்து இருபது வருடம் என்றால் 10 நாள். நம் ஆட்கள் பேரம் பேசி 12, 15 என்று வாங்கலாம், ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அரசு விடுமுறை 2025இலிருந்து 11 நாளிலிருந்து 13 நாளாகியிருக்கிறது. ஆனால் நீண்ட விடுமுறை விடும்போது அதற்கு முன்னும் பின்னும் ஒரு சனியோ ஞாயிறோ வேலைக்கு வரச் சொல்வார்கள். தியாவ்ஷியூ என்று பெயர். ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் அந்த நாட்களைப் பாருங்கள். 2020இல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மறுபடி தொடங்கியிருக்கின்றன. இருந்தாலும் கோவை, சென்னைக்காரர்களுக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங் வழிதான் இன்னும் சௌகரியம்.

சரி, இப்போது ஆலைக்குள் வருவோம், இதுதான் எனக்கு முக்கியம்.

நீங்கள் தர ஆய்வில் இருப்பவர். உங்கள் வேலையே "இது சரியில்லை" என்று சொல்வது. அதை எந்த மொழியில், யார் முன்னால், எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் இரண்டு வருடமும் இருக்கிறது. முதல் ஆறு மாதம் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நல்ல பெண், கல்லூரி முடித்துவிட்டு வந்தவர், ஆனால் வார்ப்பில் ஊதுகுழிக்கும் (வாயு மாட்டி விழுவது) சுருக்கக் குழிக்கும் (உலோகம் உறையும்போது சுருங்கி விழுவது) வித்தியாசம் அவருக்குத் தெரியாது, நான் சொன்ன காரணம் உலைக்காரரிடம் போய்ச் சேரும்போது வெறும் குற்றச்சாட்டாக மாறிவிடும். எனக்குத் திரும்பி வருவது இரண்டே பதில்கள். ஒன்று மெய் வெந்தி, பிரச்சினை இல்லை. இன்னொன்று சாபுதுவோ, ஏறக்குறைய சரிதான். சாபுதுவோ என்பதைக் கேட்டுக் கோபப்படாத இந்தியப் பொறியாளரை நான் பார்த்ததில்லை. ஆனால் அது சோம்பேறித்தனமான சொல் இல்லை என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எதிரில் இருப்பவரை எல்லோர் முன்னிலையிலும் தவறு என்று சொல்ல வைக்காமல், தானும் தவறு என்று ஒப்புக்கொள்ளாமல், பேச்சைத் திறந்து வைக்கும் சொல் அது. அதற்குப் பதில் கோபம் இல்லை, "எத்தனை மில்லிமீட்டர் சாபுதுவோ?" என்று கேட்பது. கையில் அளவுகோலோடு, சிரித்த முகத்தோடு, அவர்கள் மொழியில் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு உலைப் பக்கம் எனக்குக் கதவு திறந்தது.

இன்னொரு சொல் ஷிஃபு. தொழிலில் கைதேர்ந்தவரை அப்படி அழைப்பார்கள், நம் பட்டறையில் மேஸ்திரியை அண்ணே என்று கூப்பிடுவதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் மரியாதை இன்னும் கொஞ்சம் கூட. டாக்ஸி ஓட்டுபவர், மின்சாரம் பார்க்க வருபவர், உலைக்காரர், எல்லோரும் ஷிஃபுதான். குறையைக் கண்டால் கூட்டத்தில் சொல்லாதீர்கள், அறிக்கையிலும் முதலில் போடாதீர்கள். ஷிஃபுவைத் தனியாகக் கூப்பிட்டு, அறுத்த துண்டைக் கையில் கொடுத்து, "ஷிஃபு, இதைப் பாருங்கள், எதனால் இருக்கும்?" என்று கேளுங்கள். பாதி நேரம் அவருக்கு உங்களைவிட நன்றாகவே காரணம் தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் பெரிய சீனம் வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் இருநூறு சொல், எண்கள், தொழிலுக்கான முப்பது நாற்பது சொல். எழுத்து மெதுவாக வரட்டும். வடகிழக்கு மக்களின் பேச்சு பொதுச் சீனத்துக்கு மிகவும் பக்கம், அதனால் வகுப்பில் படித்தது தெருவில் அப்படியே புரியும், தெற்கே ஆலைகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. டாலியன்காரர்களின் உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் தனி, அதில் சிப்பி வாசம் அடிக்கிறது என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊர்ப் படம் பார்க்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து தொடங்காதீர்கள். ஆறு வருடம் இருந்தும் காய்கறி விலை கேட்கத் தெரியாமல் திரும்பி வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் எல்லோருமே அந்த நாட்டை வெறுத்தபடிதான் வந்தார்கள், எனக்கு அது இன்றும் வருத்தம்.

அன்றாடம் எப்படி என்றால், எல்லாப் பணமும் போனுக்குள்தான். வீசாட், அலிபே என்ற இரண்டு செயலிகளிலும் இப்போது வெளிநாட்டுக் கார்டையே இணைக்கலாம், 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம் பிடிப்பார்கள். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் அங்கே திறக்காது. வீசாட் இந்தியாவில் 2020இலிருந்து தடையில் இருக்கிறது, அதனால் ஊரில் அம்மாவோடு காணொளியில் பேச இரண்டு பக்கமும் திறக்கும் வழி ஒன்றைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்து அவருக்குப் பழக்கிவிடுங்கள், போய் இறங்கிய பிறகு போனில் சொல்லிக் கொடுப்பது மகா சிரமம். மதியம் பதினொன்றரைக்குச் சாப்பாடு, பிறகு மேசையிலேயே தலை சாய்த்து ஒரு தூக்கம். விருந்தில் பைஜியூ என்ற தானியச் சாராயம் வரும், பல வகை 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும். குடிக்காதவர் என்றால் முதல் நாளே சொல்லிவிட்டுத் தேநீர்க் கிண்ணத்தைத் தூக்குங்கள். முதல் விருந்தில் குடித்துவிட்டு இரண்டாவதில் மறுத்தால்தான் மனவருத்தம். சைவம் என்றால் "வோ ச்சி சூ" என்று சொல்ல வேண்டும், ஆனால் கறி போடாமல் பன்றிக் கொழுப்பில் வதக்கிக் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு, எண்ணெயையும் சேர்த்துக் கேளுங்கள். வடகிழக்கில் தி சான் ஷியன் என்று ஒரு பதார்த்தம், உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், குடமிளகாய் மூன்றையும் எண்ணெயில் பொரித்து வதக்கியது. நம் ஆட்கள் யாரும் அதை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அப்புறம் பூண்டுத் தழையும் முட்டையும் வைத்த கொழுக்கட்டை. குழந்தைக்குப் பள்ளி என்று வரும்போதுதான் செலவு கையை மீறும், சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தை ஆலை ஏற்காவிட்டால் பள்ளி வயது வருவதற்குள் திரும்பிவிடுவதாகக் கணக்குப் போடுங்கள்.

இனி ஹார்பின்.

எப்போது போவது என்பதுதான் பாதி விஷயம். விழா அதிகாரப்பூர்வமாக ஜனவரி 5 அன்று தொடங்கும், 1985இலிருந்து அந்தத் தேதிதான். ஆனால் பெரிய ஐஸ் பூங்காவை டிசம்பர் பிற்பாதியிலேயே திறந்துவிடுவார்கள், பிப்ரவரியில் உருகத் தொடங்கும்வரை இருக்கும். ஜனவரி இரண்டாவது வாரத்தில் வாரநாளாகப் பார்த்துப் போங்கள். புத்தாண்டு விடுமுறையும் சீனப் புத்தாண்டும் கண்டிப்பாக வேண்டாம். 2023 டிசம்பர் 18 அன்று பூங்கா திறந்த முதல் நாளே, 500 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஐஸ் சறுக்குக்கு இடம் கிடைக்காதவர்கள் பணத்தைத் திருப்பித் தா என்று குரல் எழுப்பினார்கள், நிர்வாகம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பிறகு நாடு முழுவதும் ஹார்பின் பேச்சாகி, 2024 புத்தாண்டின் மூன்று நாளில் மட்டும் 30 லட்சம் பேருக்கு மேல் அந்த ஊருக்கு வந்தார்கள். பெற்றோரை அந்தக் கூட்டத்தில் நிறுத்தக் கூடாது.

டாலியனிலிருந்து அதிவேக ரயில், 921 கிலோமீட்டர், நல்ல வண்டியில் நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். உறைபனிப் பிரதேசத்துக்கென்றே வடிவமைத்து 2012 டிசம்பரில் திறந்த பாதை அது. நான் போன முதல் இரண்டு குளிர்காலத்திலும் பாதுகாப்புக்காக 200 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓட்டினார்கள், 2015 டிசம்பரிலிருந்துதான் குளிர்காலத்திலும் 300ஐத் தொட்டது. 12306 என்ற செயலியில் பாஸ்போர்ட்டைப் பதிந்து டிக்கெட் எடுக்கலாம், 15 நாள் முன்பு திறக்கும். ஜன்னல் இருக்கை எடுங்கள். டாலியனில் கடல் உறையாமல் இருக்கும், ஷென்யாங் தாண்டியதும் அறுவடை முடிந்த சோளக் கொல்லைகள் மேல் வெள்ளை மூடத் தொடங்கும், சாங்சுன் தாண்டினால் வெள்ளையைத் தவிர ஒன்றுமே இருக்காது.

குளிரைப் பற்றிப் பயமுறுத்த மாட்டேன். ஹார்பினில் ஜனவரி சராசரி மைனஸ் 18ஐ ஒட்டி, இரவில் மைனஸ் 25 சாதாரணம். ஆனால் காற்று உலர்ந்தது, கட்டடங்களுக்குள் நுவான்சி என்ற பொது வெப்பக் குழாய் அக்டோபர் 20இலிருந்து ஏப்ரல் 20வரை ஓடும், உள்ளே சட்டையோடு உட்காரலாம். ஷாங்காய் பக்கம் இந்தக் குழாய் ஏற்பாடு கிடையாது, அங்கே 5 டிகிரியில் வீட்டுக்குள் நடுங்கியவர்கள் ஹார்பினில் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே தடித்த கோட்டை நம்பாதீர்கள், கழற்றிப் போட வசதியாக மூன்று நான்கு அடுக்காகப் போடுங்கள், உடம்போடு ஒட்டும் அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு அதுவே குளிராகும். காலணி ஒரு அளவு பெரிதாக, உள்ளே கம்பளிக் காலுறை. ஒட்டினால் சூடாகும் பட்டை, நுவான் பாவ்பாவ், எல்லாக் கடையிலும் கிடைக்கும், பாதத்துக்கும் முதுகுக்கும் ஒட்டலாம், தோலில் நேராக மட்டும் ஒட்ட வேண்டாம். போனுக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டுங்கள். பத்து நிமிடம் வெளியே பிடித்தால் மின்கலம் செத்துவிடும், போன் செத்தால் பணமும் செத்தது, ஓட்டல் முகவரியும் செத்தது. ஐந்நூறு யுவான் தாளாகச் சட்டைக்குள் இருக்கட்டும், ஓட்டல் பெயர் சீன எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கட்டும். கேமராவை உள்ளே கொண்டுபோகும் முன் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளெல்லாம் நீர்த்துளி படியும்.

அந்த ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து பார்த்தால்தான் அந்த ஊர் புரியும், நமக்கு, பவுண்டரிக்காரர்களுக்கு, இன்னும் கூடுதலாகவே புரியும். எங்கள் ஆலையில் ஒரு உலைக்கார ஷிஃபுவுக்கு ஹார்பின் பக்கத்துக் கிராமம். அவருடைய அண்ணன் கோடையில் கொத்தனார் வேலை, நிலம் உறைந்ததும் கட்டட வேலை நின்றுவிடும், டிசம்பரில் சோங்குவா ஆற்றில் ஐஸ் அறுக்கப் போய்விடுவார். 2016 டிசம்பரில் என்னை அங்கே கூட்டிப் போனார்கள். ஆறு கரையிலிருந்து கரைக்கு உறைந்து கிடக்கிறது. மேலே பனியைத் தள்ளிக் கோடு போட்டு, இயந்திர ரம்பத்தால் முக்கால் ஆழம் அறுத்து, மீதியைக் கூர்முனைக் கம்பியால் ஐந்தாறு பேர் சேர்ந்து குத்திப் பிளக்கிறார்கள். ஒரு பாளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம், நூற்றுக்கணக்கான கிலோ, அறுபட்டதும் கறுத்த தண்ணீரில் மிதக்கிறது, கொக்கி போட்டுச் சரிவுப் பலகையில் இழுத்து ஏற்றுகிறார்கள். வெயில் பட்டதும் உள்ளே பார்த்தேன், கண்ணாடி மாதிரி, ஒரு குமிழி இல்லை. குளிர்பெட்டி ஐஸ்கட்டியின் நடுவில் வெள்ளையாக இருக்குமே, அது ஏன் இதில் இல்லை? யோசித்துப் பாருங்கள், உங்களுக்குத் தெரிந்த விதிதான். குளிர்பெட்டியில் எல்லாப் பக்கத்திலிருந்தும் உறைந்து வருவதால் காற்று நடுவில் மாட்டிக்கொள்கிறது, வார்ப்பின் நடுவில் குழி விழுகிற மாதிரியே. ஆறு மேலிருந்து கீழாக மட்டும், மெதுவாக உறைகிறது. காற்றும் அழுக்கும் கீழே ஓடும் தண்ணீருக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. நாம் உருகிய உலோகத்தைத் தேக்கி ஊட்டும் ரைசர் வைத்து, ஒரு பக்கத்தைச் சீக்கிரம் குளிர வைக்கும் குளிர்விப்புத் துண்டு வைத்து ஒரே திசையில் உறைய வைக்கப் படாத பாடுபடுவதை அந்த ஆறு வருடா வருடம் தானாகச் செய்து கொடுக்கிறது. அரைகுறைச் சீனத்தில் இதை அந்த அண்ணனிடம் சொன்னேன். அவர் பாளத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார், இருநூறு சொல் படித்ததற்கு அன்று எனக்குக் கிடைத்த கூலி அது.

ஐஸ் விளக்கும் அப்படித்தான் பிறந்தது. அந்தப் பக்கத்து மீனவர்களும் விவசாயிகளும் வாளியில் தண்ணீர் ஊற்றி வெளியே வைப்பார்கள். ஓரம் உறைந்து ஓடு கட்டியதும் நடுவில் உறையாத தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே விளக்கை வைத்தால் காற்றில் அணையாது. ஓடு கட்டியதும் மீதி உலோகத்தைக் கவிழ்த்துக் கொட்டி உள்ளீடற்ற வார்ப்பு எடுக்கிறோமே, அதே வேலை, தண்ணீரில். 1963இல் சாவ்லின் பூங்காவில் நகரம் அதைப் பொது விழாவாக்கியது, கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோய்ப் பிறகு மீண்டும் தொடங்கியது. இன்றைய பெரிய பூங்கா, ஐஸ் பெருவுலகம், 1999இல் வந்தது. 2024-25 பருவத்தில் பத்து லட்சம் சதுர மீட்டர், மூன்று லட்சம் கன மீட்டர் ஐஸும் பனியும். சுவரில் சிமெண்ட் கிடையாது, பாளத்துக்கும் பாளத்துக்கும் இடையே தண்ணீர் ஊற்றுகிறார்கள், மைனஸ் 20இல் அது அப்படியே பற்றிக்கொள்கிறது. விளக்கு வரிசைகளைப் பாளங்களுக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள்.

நுழைவுச் சீட்டு அண்மைப் பருவங்களில் 328 யுவான், இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள். மெட்ரோ இரண்டாம் தடம் பூங்கா வரை போகிறது. மூன்று மணிக்குள் உள்ளே இருங்கள். ஜனவரித் தொடக்கத்தில் அங்கே நான்கு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். வெயிலில் நீலமாக நிற்கும் கோபுரங்கள் விளக்கேறும் அந்த அரை மணி நேரத்தைப் பார்க்கத்தான் போகிறோம், மற்றதெல்லாம் அப்புறம். பெற்றோரோடு என்றால் ஐம்பது நிமிடம் வெளியே, இருபது நிமிடம் உள்ளே சூடான கூடத்தில், இப்படி மாற்றி மாற்றி, ஆறு ஆறரைக்கு வெளியே வந்துவிடுங்கள். சறுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள், மைனஸ் 25 காற்றை வாய் வழியாக இழுத்தால் நெஞ்சைப் பிடிக்கும், துணியால் மூக்கு வாயை மூடியே நடக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்று நாளில் ஒரு மாலை போதும்.

மறுநாள் காலை சூரியத் தீவுக்குப் போங்கள், பனிச் சிற்பம் பகலில்தான் அழகு. மத்தியத் தெரு 1,450 மீட்டர், 1924இல் கல் பதித்தது. ரஷ்யர்கள் 1898இல் ரயில் பாதை போட வந்து எழுப்பிய ஊர் என்பது அந்தக் கட்டடங்களைப் பார்த்தாலே தெரியும், பானையளவு பெரிய புளித்த ரொட்டி இன்றும் விற்கிறார்கள். அந்தக் குளிரில் ஐஸ்கிரீமை அட்டைப் பெட்டியில் போட்டுத் தெருவிலேயே வைத்து விற்பார்கள், குளிர்பெட்டிக்கு அங்கே என்ன வேலை. உறைந்த பேரிக்காய் வாங்குங்கள், கறுப்பாக இருக்கும், தண்ணீரில் போட்டு இளக வைத்துக் கடித்து உறிஞ்ச வேண்டும். சோபியா தேவாலயம் 1932இல் கட்டி முடித்தது, மாலையில் பாருங்கள்.

நேரம் இருந்தால் பிங்ஃபாங் போய்வாருங்கள். ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் பிரிவு உயிருள்ள மனிதர்கள் மேல் கிருமி ஆய்வு நடத்திய இடம், உறைபனியில் கைகால்களை உறைய வைத்துச் சோதித்ததும் அங்கேதான். 1945இல் ஓடும்போது கட்டடங்களைத் தகர்த்துவிட்டுப் போனார்கள், 2015இல் புதிய அருங்காட்சியகம் திறந்தார்கள். பெற்றோரையும் குழந்தையையும் ஓட்டலில் விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். எங்கள் ஆலையில் ஜப்பானிய மேலாளர்களோடு ஒரே மேசையில் சாப்பிடும் வயதான ஷிஃபுக்கள் சில நாள் ஏன் மௌனமாக இருப்பார்கள் என்று எனக்கு அங்கே போய் வந்த பிறகுதான் கேட்கவே தோன்றியது.

பெற்றோருக்கு விசா உங்களை வைத்து, குடும்பத்தாருக்கான எஸ் வகையிலேயே கிடைக்கும், மனைவி குழந்தைக்கு நீண்ட காலத்துக்கான எஸ்1. உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழுக்கும் அதே முத்திரை வரிசை உண்டு, உங்கள் பட்டச் சான்றிதழ் போகும்போதே இவற்றையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

என் அப்பா 2018 ஜனவரியில் வந்தார், அப்போது அவருக்கு 66 வயது, பீளமேட்டில் நாற்பது வருடம் வார்ப்புக்கான அச்சுப் பலகை செதுக்கியவர். பூங்காவுக்குள் நுழைந்ததும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார் என்று நினைத்தேன். நேராகச் சுவரிடம் போனார், கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு பாளம் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஒட்டே தெரியலையேப்பா, யார் இழைச்சது?" என்றார். கையுறையை மாட்டிவிட்டு, அடுத்த வாரம் அந்தக் கொத்தனார் அண்ணனை வீசாட்டில் கூப்பிட்டு இருவரையும் பேச வைத்தேன், நடுவில் நான் மொழிபெயர்த்தேன், முக்கால் மணி நேரம் ஓடியது.

பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் ஆலைக்கு எந்தக் காகிதமும் அனுப்புவதற்கு முன் திருத்திவிடுங்கள்.